மேடையில் பெண்ணுரிமை, வீட்டில் விடுதலைப் பத்திரம்



இஸ்லாம் பெண்களுக்கு வழங்கிய உரிமைகளின் வரலாற்றை நினைவுகூரும் விழாக்கள் நம் ஊர்களில் பெருகி வருகின்றன. சனி, ஞாயிறு என இரு நாள்களை ஒதுக்கி, ஜமாஅத் திருமண மண்டபத்திலோ மதரஸா வளாகத்திலோ அவை நடத்தப்படுகின்றன. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகம் பற்றியும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கல்வி பற்றியும் மாணவிகள் உரையாற்றுகின்றனர். வினாடி வினா நடக்கிறது, பரிசுகள் வழங்கப்படுகின்றன. ஞாயிறு மாலை சிறப்புப் பேச்சாளர் எழுகிறார். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே முழுமையாகப் பெற்றாள் என்றும், இஸ்லாமோ அதனைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கிவிட்டது என்றும் அவர் முழங்குகிறார். தக்பீர் ஒலிக்கிறது. துஆவுடன் கூட்டம் கலைகிறது.

இதில் எதுவும் பொய்யன்று. சொன்ன ஆண்டும் சரி, சொன்ன ஒப்பீடும் சரி. நம் பெண் மக்கள் தம் முன்னோரை அறிந்துகொள்வது நன்மையே. எனவே இவ்விழாக்கள் வேண்டாம் என்பது நம் வாதமன்று. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. மேடையில் கொண்டாடப்படும் அந்த உரிமை, மேடைக்கு எதிரே திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? சேரவில்லை என்றால், நாம் கொண்டாடுவது யாருடைய உரிமையை?

வரலாறு எங்கே தொடங்குகிறது?

வாரிசுரிமை பற்றிய இறைவசனம் எச்சூழலில் அருளப்பட்டது என்பதை ஹதீஸ் நூல்கள் தெளிவாகப் பதிவு செய்துள்ளன. உஹதுப் போரில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுக்கு இரு பெண் குழந்தைகள். அவர்களின் சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அக்கால அரபு வழக்கப்படி அவர் செய்ததில் தவறேதும் இல்லை. போரிடாத பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்பதே அன்றைய ஊர்வழக்கம். ஆனால் ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி வாய்மூடி இருந்துவிடவில்லை. இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் சென்றார். இவர்களின் தந்தை உங்களுடன் போரிட்டு உயிர்நீத்தார், சிறிய தந்தையோ எதையும் விட்டுவைக்கவில்லை, பொருளின்றி இவர்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்று முறையிட்டார். அதன்பின் அன்னிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் அருளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மூன்றில் இரு பங்கை மகள்களுக்கும் எட்டில் ஒரு பங்கை மனைவிக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை நீர் எடுத்துக்கொள்ளும் என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்நிகழ்ச்சியை ஊன்றிக் கவனியுங்கள். அந்த உரிமை, ஒரு கைம்பெண் தன் குடும்பத்து ஆணுக்கு எதிராகக் கொடுத்த முறையீட்டில் தொடங்குகிறது. அவர் முறையிட்டது அந்நியரைப் பற்றியன்று, ஷஹீதின் உடன்பிறந்தவரைப் பற்றி.

பிற நிகழ்ச்சிகளும் இவ்வாறே. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) தம் கணவரின் சொல்லால் நிர்க்கதியாக நின்றபோது நபியவர்களிடம் வாதிட்டார்கள். அவ்வாதம் வானத்தில் செவிமடுக்கப்பட்டது. அல்முஜாதலா என்ற அத்தியாயமே வாதிட்ட அப்பெண்ணைக் கொண்டு பெயர்பெற்றது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தை எதிர்த்து வந்தார்கள். நபியவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரீரா (ரலி) தம் கணவர் முகீஸுடன் வாழ விரும்பவில்லை. முகீஸ் கண்ணீருடன் மதீனாவின் தெருக்களில் அவரைப் பின்தொடர்ந்தார். நபியவர்கள் பரிந்து பேசியபோது, இது கட்டளையா என்று பரீரா கேட்டார்கள். கட்டளையன்று, பரிந்துரையே என்று விடை வந்ததும், அவர் எனக்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்கள். இறைத்தூதரின் பரிந்துரையையே மறுக்க ஒரு முன்னாள் அடிமைப் பெண்ணுக்கு உரிமை இருந்தது. அதற்காக எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

நம் மேடைகள் இந்நிகழ்ச்சிகளின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, தொடக்கத்தை விட்டுவிடுகின்றன. தீர்ப்பைப் பாராட்டுகிறோம், முறையிட்டவரை மறந்துவிடுகிறோம். இன்று ஒரு சகோதரி தன் அண்ணனுக்கு எதிராக ஜமாஅத் அலுவலகத்தில் மனுக்கொடுத்தால், குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்தவள் என்றே அவளைப் பேசுகிறோம். ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி நம் ஊரில் பிறந்திருந்தால் அவருக்கும் அப்பெயர்தான் கிடைத்திருக்கும்.

பங்கு எங்கே போகிறது?

மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தும் நமக்கு ஒரு கணக்கு எளிதாகத் தெரியும். ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு மரணிக்கிறார். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக, எஞ்சிய சொத்தின் மதிப்பு 40 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 இலட்சம். மீதி 35 இலட்சம் ஐந்து பங்குகளாகிறது. மகன்களுக்குத் தலைக்கு 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம். ஓராண்டு ஓதிய மாணவன் தாளில் போட்டுக்காட்டும் கணக்கு இது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. நாற்பதாம் நாள் கழிகிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கப்படுகிறது. அதில் சகோதரியின் பெயரும் தாயின் பெயரும் இருக்கின்றன, இல்லாவிட்டால் பதிவு நடக்காது. பிறகு ஒரு நாள் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்து தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது. தன் பாகத்தை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவள் கைரேகை வைக்கிறாள். அவளுடைய பங்கின் மதிப்பு 7 இலட்சம் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் பெருநாளைக்குத் தாய்வீட்டுக் கதவு திறக்காது என்பதை அவள் அறிவாள்.

இதனை மனமுவந்த விட்டுக்கொடுத்தல் என்று எந்த ஃபிக்ஹ் நூலில் படித்தோம்? வாரிசுகள் தமக்குள் மனமொத்துச் சமரசம் செய்துகொள்ள மார்க்கம் இடமளிக்கிறது. ஆனால் மனம் ஒப்புவதற்கு முதலில் பங்கு எவ்வளவு என்பது தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல இயலக்கூடிய நிலை வேண்டும். உண்மையிலேயே அவள் விட்டுக்கொடுப்பவள்தானா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. 7 இலட்சத்தை முதலில் அவள் கையில் கொடுங்கள். ஓராண்டு அவளிடமே இருக்கட்டும். அதன்பின் அவளாக வந்து, அண்ணா, இது உனக்கு என்று தந்தால் மகிழ்ந்து பெற்றுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தந்தை உயிரோடிருக்கும்போதே வீட்டையும் கடையையும் மகன்களின் பெயரில் தானப்பத்திரம் எழுதிவிடுகிறார். ஹிபா கூடும்தானே என்று வாதிடுகிறார். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸை இங்கே நினைவூட்டுகிறோம். அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்தபோது, தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), அல்லாஹ்வின் தூதர் சாட்சியாக இருந்தாலன்றி ஒப்பமாட்டேன் என்றார்கள். தந்தை சாட்சி கேட்டுச் சென்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அநீதிக்குத் தாம் சாட்சியாக மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நபியவர்கள் சாட்சியாக நிற்க மறுத்ததுபோன்ற ஒரு பத்திரத்தில், இன்று ஜமாஅத் பெரியவர்கள் சாட்சிக் கையொப்பமிடுகிறார்கள்.

இரு பக்கமும் வாங்கும் கை

அன்னிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம் மஹரை மனமகிழ்வோடு பெண்களுக்குக் கொடுக்கும்படி கட்டளையிடுகிறது. இருபதாம் வசனம், பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கலாகாது என்று தடுக்கிறது. அதாவது திருமணத்தில் பொருள் ஆணிடமிருந்து பெண்ணுக்குச் செல்ல வேண்டும். நம் சமூகம் அந்த ஆற்றை மேட்டுக்குத் திருப்பிவிட்டது. தஃப்தரில் மஹர் என்று சில கிராம் தங்கம் பதிவாகிறது. பதிவாகாத பக்கத்தில் ஐம்பது பவுன் நகையும் ரொக்கமும் வாகனமும் கைமாறுகின்றன. கைக்கூலித் தொகையில் ஒரு விழுக்காடு பள்ளிவாசலுக்கு என வசூலிக்கப்பட்ட காலமும் சில ஊர்களில் இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்கள் கிளம்பி இதனை எதிர்த்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. பல இடங்களில் கைக்கூலி என்ற சொல் மறைந்தது. ஆனால் அன்பளிப்பு, சீர், மகளுக்குச் செய்வது என்ற பெயர்களில் அதே பொருள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மகள் பெயரில் வீடு இருப்பது அவளுக்குப் பாதுகாப்பே, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்காமல் திருமணம் இல்லை என்றாகும்போது, அதே வழக்கம் தந்தையின் முதுகில் ஏற்றிய சுமையாகிவிடுகிறது.

ஆணுக்கு இரு பங்கு ஏன் என்று பிறர் கேட்கும்போது நம் பேச்சாளர்கள் சொல்லும் விடை நம் அனைவருக்கும் மனப்பாடம். மஹர் கொடுப்பவன் ஆண், குடும்பச் செலவைச் சுமப்பவன் ஆண், பெண்ணின் சொத்து முழுவதும் அவளுக்கே சொந்தம், எனவே இது நீதி என்கிறோம். சரியான விடை. ஆனால் அந்த விடை உண்மையாவதற்கு ஆண் மஹர் கொடுத்திருக்க வேண்டும், குடும்பத்தைச் சுமந்திருக்க வேண்டும். தன் இரு பங்கையும் எடுத்துக்கொண்டு, தங்கையின் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு, மாமனாரிடம் கைக்கூலியும் வாங்கிய ஒருவன் எந்த நீதியின் பெயரால் பேசுகிறான்? அவன் பிறந்த வீட்டில் ஒரு பெண்ணிடமிருந்தும் மணந்த வீட்டில் இன்னொரு பெண்ணின் பொருட்டும் பொருள் பெற்றவன். அவனை முன்வரிசையில் அமர்த்தி, இஸ்லாம் பெண்ணுக்குத் தந்த சொத்துரிமை பற்றி உரை நிகழ்த்துவது மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நம் நாட்டுப் பக்கங்கள்

மதீனாவின் வரலாற்றைச் சொல்லும் மேடைகள் நம் நாட்டு வரலாற்றை ஏனோ தொடுவதில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் எதற்காக வந்தது? முஸ்லிம்களில் பலர் வாரிசுரிமையில் குர்ஆனை விட்டுவிட்டு, பெண்ணுக்குப் பங்கு தராத ஊர்வழக்கங்களைப் பின்பற்றிவந்தார்கள். அவ்வழக்கங்களை முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்தன என்பது அச்சட்ட மசோதாவின் நோக்க உரையிலேயே இடம்பெற்றிருக்கிறது. அப்போதும் விவசாய நிலம் அச்சட்டத்துக்கு வெளியே நின்றது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் அதனுள் சேர்த்தது. ஆகவே தஞ்சை வயலிலும் நெல்லைத் தோப்பிலும் மகளுக்குப் பங்கு உண்டு என்பது குர்ஆனின் தீர்ப்பு மட்டுமன்று, எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த நாட்டுச் சட்டமும் ஆகும். சட்டம் தடுக்கவில்லை, மார்க்கம் தடுக்கவில்லை. தடுப்பது அண்ணன்மார்களே.

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. கணவன் காணாமற்போயும், செலவுக்குத் தராமலும் கைவிடப்பட்ட பெண்கள் விடுதலைக்கு வழியின்றி, சிலர் மதத்தையே துறக்கும் அளவுக்குத் தள்ளப்பட்டார்கள். அதனைக் கண்டு கலங்கிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், மாலிக்கீ மத்ஹபின் தீர்வுகளை எடுத்தாண்டு அல்ஹீலத்துந் நாஜிஸா என்ற நூலை எழுதினார்கள். அவர்கள் ஹனஃபீ அறிஞர். எனினும் பெண்களின் துயரைக் கேட்டபின், எங்கள் மத்ஹபில் வழியில்லை என்று கைகழுவிவிடவில்லை. இன்று குலாக் கேட்டு வரும் பெண்ணை மாதக்கணக்கில் அலையவிடும் ஊர்ப் பஞ்சாயத்துகள் அந்த ஆலிமின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும்.

நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் தம் புதினத்தை வெளியிட்டபோது உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். நீதியரசர் ஃபாத்திமா பீவி 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், பின்னர் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். இவர்களின் படங்களைக் கண்காட்சியில் வைக்கிறோம். வைக்கட்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளின் கல்லூரிக் கட்டணம் நகைச் சீட்டுக்குத் திருப்பிவிடப்படும் வீட்டில், அந்தப் படத்துக்கு என்ன பொருள்?

எழும் ஆட்சேபங்கள்

நம் குறையை நாமே வெளியே சொல்லலாமா, பொது சிவில் சட்டம் கேட்பவர்களுக்கு இது ஆயுதமாகாதா என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு ஆயுதமாவது நம் எழுத்தன்று, நம் செயல். ஷரீஅத்தில் கை வைக்காதே என்று வீதியில் நின்று முழங்கிவிட்டு, வீட்டுக்குள் ஷரீஅத்தின் வாரிசுரிமைக் கணக்கைக் கிழித்துப்போடுபவன்தான் ஷரீஅத்தைப் பலவீனப்படுத்துகிறான். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் தமக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோது நம்மில் பலர் சினந்தார்கள். அவர்களுடைய கருத்துகள் எல்லாவற்றுடனும் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் ஆண்கள் ஜமாஅத்தின் வாசலில் நீதி கிடைத்திருந்தால் இன்னொரு வாசல் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோமே, அதுவே அவள் பங்கு என்பது இன்னொரு வாதம். தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு, மரணத்துக்குப் பின் வருவது வாரிசுரிமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அப்படியே ஈடாகும் என்றால், மகனைப் படிக்கவைத்த செலவையும் வெளிநாடு அனுப்பிய விசாப் பணத்தையும் அவன் பங்கில் கழிக்கத் தயாரா?

எங்கள் பெண்கள் கேட்பதில்லையே என்பது மூன்றாவது வாதம். அன்னிஸாவின் ஏழாம் வசனம், சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்களுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்குண்டு என்கிறது. கேட்டால் தான் பங்கு என்று எங்கும் இல்லை. கடன் வாங்கியவன் கொடுத்தவர் கேட்கவில்லை என்பதால் கடனாளி அல்லன் என்றாகிவிடுவானா?

விழாவை எப்படி நடத்துவது?

1848ஆம் ஆண்டு ஜூலை 19, 20 தேதிகளில் அமெரிக்காவின் செனிக்கா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வழிபாட்டு ஆலயத்தில் பெண்கள் மாநாடு கூடியது. நம் பேச்சாளர்கள் மேலை நாட்டுப் பெண்களின் பின்தங்கிய நிலையைச் சொல்லும்போது அது சுட்டப்படுவதுண்டு. அவர்கள் அந்த இரு நாள்களில் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தம் பெருமையை அவர்கள் பேசவில்லை. மணமான பெண்ணின் சொத்தும் அவள் ஈட்டிய கூலியும்கூடப் பறிபோவது முதலான அநீதிகளை வரிசையாக எழுதினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் அதில் கையொப்பமிட்டார்கள். அவர்கள் கேட்ட வாக்குரிமை நாடு முழுவதற்கும் சட்டமாக 1920 வரை 72 ஆண்டுகள் ஆயின. அவ்வூர் இன்றும் அதனை நினைவுகூருகிறது. அவர்களிடம் வேதக் கட்டளை எதுவும் இல்லை, எனவே உரிமையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நம்மிடம் கட்டளை இருக்கிறது, கொடுப்பது மட்டுமே பாக்கி. ஆகவே நம் பொறுப்பு அவர்களுடையதைவிடக் கனமானது.

அடுத்த விழாவுக்கு நாம் முன்வைப்பது இதுதான். சனிக்கிழமை காலை ஃபராயிள் அறிந்த ஆலிம் ஒருவரும் பத்திரப் பதிவு அறிந்த வழக்கறிஞர் ஒருவரும் மண்டபத்தில் அமரட்டும். குடும்பங்கள் வந்து தம் சொத்துக் கணக்கைக் காட்டி, மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் எவ்வளவு என்று எழுதி வாங்கிச் செல்லட்டும். பெண்களுக்கெனத் தனி அமர்வில் ஆலிமாக்கள் அதே கணக்கைக் கற்றுக்கொடுக்கட்டும். தன் பங்கின் அளவை அறிந்த பெண்ணிடம் வெற்றுப் பத்திரத்தில் கைரேகை வாங்குவது எளிதன்று. கொடுபடாத மஹரை அன்றே கொடுக்க விரும்பும் கணவன்மார் கொடுக்கட்டும். வாங்கிய கைக்கூலியைத் திருப்பித் தர விரும்புபவர்களுக்கும் வழி செய்யப்படட்டும். பங்கு மதிப்பு எழுதப்படாத விடுதலைப் பத்திரத்துக்கு இனிச் சாட்சி நிற்கமாட்டோம் என்று ஞாயிறு மாலை முத்தவல்லியும் நிர்வாகிகளும் அறிவிக்கட்டும். உரைகள் அதன்பின் நடக்கட்டும், அப்போது அவற்றைக் கேட்கக் காதும் இனிக்கும்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்தச் சாண் நிலம் அந்நியனுடையதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அது தங்கையின் நிலமாகவும் இருக்கலாம். வாரிசுரிமை வசனங்களை அடுத்து அல்லாஹ் அவற்றைத் தன் வரம்புகள் என்று குறிப்பிட்டு, மீறுவோருக்கு நரகத்தையும் எச்சரிக்கிறான். தொழுகையை விட்டவனைக் கண்டிக்கும் நாம், இந்த வரம்பை மீறியவனின் வலிமா விருந்தில் கூச்சமின்றி அமர்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் பெண் மக்களின் உரிமையை உன் வேதத்தில் எழுதியதுபோல் எங்கள் உள்ளங்களிலும் எழுதுவாயாக. பிறருடைய பங்கை உண்ணும் வயிறுகளாக எங்களை ஆக்கிவிடாதே. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு உன்னைச் சந்திக்கும் பேற்றை எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன்.